ரிட்டர்ன் வண்டி மாதிரி ரிட்டர்ன் ஜெட்: செஞ்சிக்காரர் பாதி விலையில் தனி விமானம் பிடிக்க முடியுமா?

செஞ்சியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு டிராப் போகிற கார் டிரைவரைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியை இறக்கி வைத்ததும் முதல் வேலையாக போனை எடுப்பார். “அண்ணே, ரிட்டர்ன் காலியாத்தான் வர்றேன். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை பக்கம் யாராச்சும் இருக்காங்களா?” ஆள் கிடைத்தால் டீசல் காசாவது தேறும். கிடைக்காவிட்டால் 150 கிலோமீட்டர் தனியாகப் பாட்டு கேட்டுக்கொண்டே திரும்ப வேண்டியதுதான்.

“தனி விமானத்தில் பறங்கள், 75 சதவீதம் வரை தள்ளுபடி” என்று இன்ஸ்டாகிராமில் வருகிறதே ஒரு விளம்பரம், அதன் மொத்த ரகசியமும் இந்த டிரைவரின் போன்காலில் இருக்கிறது. பணக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து டெல்லிக்குத் தனி விமானம் எடுத்துப் போகிறார். அவர் அங்கேயே ஒரு வாரம் தங்குகிறார். விமானம் அங்கே சும்மா நிற்க முடியாது, திரும்பி வந்தாக வேண்டும். பைலட் இருக்கிறார், எரிபொருள் இருக்கிறது, தோல் இருக்கைகள் இருக்கின்றன, ஆள் மட்டும் இல்லை. இந்தக் காலிப் பயணத்துக்கு விமானத் துறையில் ‘எம்ப்டி லெக்’ என்று பெயர். செஞ்சி பாஷையில் ரிட்டர்ன் வண்டி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தள்ளுபடி யாருக்கு உண்மையிலேயே லாபம், யாருக்கு வெறும் ரீல்ஸ் ஆசை, எந்த இடத்தில் இது உயிருக்கே ஆபத்தாகிறது என்பதைப் பார்த்துவிட்டு ‘புக் நவ்’ பட்டனைத் தொடுவது நல்லது.

ரயிலே வராத ஊரில் ஜெட் பேச்சா?

நியாயமான கேள்வி. திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை ரயில் பாதைக்கு ஒப்புதல் கிடைத்து பல ஆண்டுகள் ஆகின்றன. தேர்தலுக்குத் தேர்தல் பேச்சில் மட்டும் அந்த ரயில் ஓடுகிறது. ஊருக்கு உயிர்நாடி கிருஷ்ணகிரி – திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலைதான்.

ஆனாலும் செஞ்சிக்கும் விமானத்துக்கும் இப்போது ஒரு தொடர்பு வந்திருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. 1677-ல் சிவாஜி கைப்பற்றியது, 1689-ல் அவருடைய மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி வந்து தஞ்சம் புகுந்தது, பிறகு 1698 வரை முற்றுகையைத் தாங்கி நின்றது எல்லாம் இந்தக் கோட்டையில்தான். பன்ஹாலா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் கிளம்பிய ராஜாராம் இங்கே வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இன்று பன்ஹாலாவும் செஞ்சியும் ஒரே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். 12 கோட்டைகளையும் பார்த்தே தீருவது என்று மும்பையில் ஒரு வசதியான குடும்பம் முடிவெடுக்கிறது. மராட்டியக் கோட்டைகளைக் காரில் முடித்துவிட்டு, செஞ்சிக்காக மட்டும் மும்பையிலிருந்து புதுச்சேரிக்குச் சின்ன ஜெட் ஒன்றை எடுக்கிறார்கள். குடும்பம் இறங்கி ராஜகிரி மலை ஏறப் போய்விடும். ஜெட் மும்பைக்குக் காலியாகத் திரும்பும். அந்த நாளில், அந்த நேரத்தில், மும்பைக்குப் போக வேண்டிய ஒரு செஞ்சிக்காரர் இருந்தால் அவருக்கு அடித்தது லக்.

‘அந்த நாளில்’, ‘அந்த நேரத்தில்’, ‘மும்பைக்கு’. இந்த மூன்று நிபந்தனைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் இவற்றைச் சுற்றித்தான்.

காலியாக ஏன் பறக்கிறது?

இண்டிகோ, ஏர் இந்தியா மாதிரி நிறுவனங்களின் விமானம் போகும்போதும் ஆளோடு போகும், வரும்போதும் ஆளோடு வரும். கால அட்டவணை அப்படிப் போடப்பட்டிருக்கும். வாடகை ஜெட்டுக்கு அட்டவணை கிடையாது. வாடிக்கையாளர் கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும், அவர் சொல்லும் இடத்தில் இறக்க வேண்டும்.

இந்திய வாடகை ஜெட்டுகளில் பெரும்பங்கு டெல்லி, மும்பை போன்ற சில பெருநகரங்களில்தான் நிற்கின்றன. கோவையில் இருக்கும் தொழிலதிபர் கொச்சிக்குப் போகக் கேட்டாலும், விமானம் பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ காலியாக வந்து அவரை ஏற்ற வேண்டியிருக்கலாம். இறக்கிய பிறகும் அதே கதைதான். நிறுத்தி வைக்கவும் இடம் வேண்டுமே. மும்பை விமான நிலையத்தில் இடநெருக்கடி அவ்வளவு மோசம். நெரிசல் நேரங்களில் பிசினஸ் ஜெட்டுகளுக்கு அங்கே கட்டுப்பாடே உண்டு. அதனால் பயணியை இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடி வேறு ஊருக்குக் காலியாகப் பறப்பதும் நடக்கும்.

தனி ஜெட்டுகளின் 10 பறப்புகளில் 4 காலியாகவே நடக்கின்றன என்று உலக அளவில் இந்தத் துறையினர் அடிக்கடி ஒரு கணக்குச் சொல்வார்கள். நாட்டுக்கு நாடு, சீசனுக்கு சீசன் இது மாறும். தேர்தல் பிரசாரமும் கல்யாண சீசனும் வந்தால் வண்டிக்கே தட்டுப்பாடு.

இந்தக் காலிப் பயணத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? இதுதான் சுவாரஸ்யம். பெரும்பாலும் முதலில் வாடகைக்கு எடுத்தவரே இரண்டு வழிக்கும் கொடுத்துவிடுகிறார். டிராப் டாக்ஸி நிறுவனங்கள் வருவதற்கு முன் நாமும் அப்படித்தானே கொடுத்தோம்? சென்னையில் இறங்கிக்கொண்டாலும் திரும்பி வரும் கிலோமீட்டருக்கும் சேர்த்து எண்ணி வைப்போம். விமானத்தில் இன்னும் அந்தக் காலம் முடியவில்லை. ஆக, காலி ஜெட்டை விற்பதில் வருகிற ஒவ்வொரு ரூபாயும் நிறுவனத்துக்கு உபரி. அதனால்தான் பாதிக்கும் கீழே இறங்கி வருகிறார்கள்.

சரி, எவ்வளவு ஆகும்?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறேழு பேர் உட்காரும் சின்ன ஜெட்டுக்கு மணிக்கு ₹2.5 லட்சம் வாடகை என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் வயது, ரகம், சீசனைப் பொறுத்து இது கூடும், குறையும். சென்னை – டெல்லி ஒரு வழிக்கு 3 மணி நேரம். போக வர 6 மணி நேரம், ₹15 லட்சம். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் ₹17.7 லட்சம். முழு விலை கொடுத்துப் போகிறவரின் பில் இது. விமான நிலையக் கட்டணம், பைலட்டுகள் இரவு தங்கும் செலவு எல்லாம் தனி.

இப்போது அதே விமானம் டெல்லியிலிருந்து சென்னைக்குக் காலியாக வருகிறது. ஒரு வழி வாடகை ₹7.5 லட்சம். பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் ₹3.75 லட்சம். ஜிஎஸ்டி ₹67,500 சேர்த்தால் ₹4,42,500.

ஆறு நண்பர்கள் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ₹73,750. இரண்டே பேர் என்றால் ஆளுக்கு ₹2,21,250. ஒரே ஆள் என்றால் நாலேகால் லட்சத்துக்கும் மேல்.

விளம்பரங்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் இடம் இதுதான். தள்ளுபடி விலை பொதுவாக மொத்த விமானத்துக்குமான விலை, ஒரு சீட்டுக்கானது அல்ல. ‘50 சதவீதம் தள்ளுபடி’ என்பது பொய் இல்லை. ஆனால் எதில் பாதி என்று பார்க்க வேண்டும். இதே வழித்தடத்தில் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்தால் சாதாரண விமான டிக்கெட் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறு பேர் நிரம்பிய காலி ஜெட்கூட அதைவிடப் பல மடங்கு விலைதான். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மட்டுமே பேச்சுக்காவது நியாயம் கிடைக்கும்.

‘சூரரைப் போற்று’ பார்த்துவிட்டு, “ஒரு ரூபாய்க்கே விமானத்துல போக வச்சாரே, இதுவும் அப்படித்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, இது நேர் எதிர். அந்தப் படத்துக்குத் தூண்டுதலான கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் 1997-ல் ஹெலிகாப்டர் வாடகை நிறுவனத்தில்தான் தொடங்கினார். 2003-ல் ஏர் டெக்கானை ஆரம்பித்தபோது அவர் கையில் எடுத்த சூத்திரம் வேறு: ஒரே ரக விமானம், நிறைய சீட், நாளைக்குப் பல தடவை பறப்பு, முன்கூட்டியே விற்பனை. விமானம் நிரம்புவதால் டிக்கெட் மலிந்தது. காலி ஜெட்டில் விமானம் நிரம்பாததால் விலை இறங்குகிறது. முதல் வகையில் மலிவு தினமும் கிடைக்கும். இரண்டாவது வகையில் யாரோ ஒருவர் முழு விலை கொடுத்த நாளில் மட்டும்.

ஆத்தூர் டோல்கேட்டில் ஒரு மெசேஜ்

பணம் இருக்கிறது, நண்பர்கள் ரெடி, சென்னை – டெல்லி காலி ஜெட் ஒன்று பட்டியலில் வந்துவிட்டது, மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். செஞ்சியிலிருந்து காலை 11 மணிக்குக் கார் எடுத்தாயிற்று. திண்டிவனத்தில் டீ. ஆத்தூர் டோல்கேட்டைத் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: ‘வருந்துகிறோம், பயணம் ரத்து.’

என்ன ஆயிற்று? மூலப் பயணி திட்டத்தை மாற்றிவிட்டார். மீட்டிங் தள்ளிப்போயிருக்கும், அவரே அதே விமானத்தில் திரும்பலாம் என்று நினைத்திருப்பார். அல்லது முழு விலை கொடுக்க இன்னொருவர் வந்திருப்பார். அந்த விமானம் அவர்களுடைய திட்டத்தின் வால். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் வாலும் போகும்.

சாதாரண விமானம் ரத்தானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. காலி ஜெட் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருப்பது ‘கட்டிய பணம் திரும்பும், வேறு பொறுப்பு இல்லை’ என்ற வரிதான். மாற்று விமானம் தர மாட்டார்கள். டெல்லியில் நீங்கள் போட்ட ஹோட்டல் அட்வான்ஸ் உங்கள் கணக்கில்தான் போகும். சில ஒப்பந்தங்களில் நீங்கள் ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது, அவர்கள் ரத்து செய்தால் மட்டும் திரும்பும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

நேரமும் நகரும். மூலப் பயணி இரண்டு மணி நேரம் தாமதித்தால் உங்களுக்கும் இரண்டு மணி நேரம் தாமதம். பைலட்டுகளின் பணி நேரத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் அன்று பறக்கவே முடியாது. திரும்பி வருவது உங்கள் பாடு. போகும்போது ஜெட், வரும்போது தத்கால் டிக்கெட் என்று ஆவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

அதனால் விசா இன்டர்வியூ, கல்யாண முகூர்த்தம், வேலைக்குச் சேரும் நாள், ஆபரேஷன் தேதி மாதிரி தவறவே கூடாத எதற்கும் இதை நம்பிப் போகக் கூடாது. குறிப்பாக, நோயாளியை அவசரமாகக் கொண்டுபோக ‘மலிவா ஒரு ஜெட் கிடைக்குமா’ என்று தேடுவது வேண்டாம். ஏர் ஆம்புலன்ஸ் என்பது மருத்துவக் கருவிகளும் மருத்துவக் குழுவும் உள்ள தனிச் சேவை. காலி ஜெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கே ஏறுவது?

செஞ்சிக்குப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி, சுமார் 70 கிலோமீட்டர். லாஸ்பேட்டையில் உள்ள அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர் அளவுதான். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதையோ 3,658 மீட்டர். புரொப்பல்லர் வைத்த சின்ன விமானங்களுக்கும் சில இலகுரக ஜெட்டுகளுக்கும் புதுச்சேரி போதும். ரீல்ஸில் பார்க்கிற பெரிய கல்ஃப்ஸ்ட்ரீம் வகையறா, எரிபொருள் முழுக்க நிரப்பிக்கொண்டு அங்கிருந்து எழும்புவது சிரமம். ஓடுபாதை மட்டுமல்ல, நிலையம் எத்தனை மணி வரை இயங்குகிறது, அன்றைய வானிலை என்ன என்பதும் சேர்ந்துதான் முடிவாகும்.

நடைமுறையில் தமிழ்நாட்டில் காலி ஜெட் என்றால் சென்னையும் ஓரளவுக்குக் கோவையும்தான். அங்கே தொழில் இருக்கிறது, முழு விலை கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ரிட்டர்ன் வண்டி கிடைக்க வேண்டுமானால் முதலில் ஒருவர் டிராப் போயிருக்க வேண்டும் அல்லவா?

யார் விற்கிறார்கள்?

இந்தியாவில் தனி ஜெட்டை ஆப் வழியாக வாடகைக்கு எடுக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் கனிகா டெக்ரிவால் 2014-ல் தொடங்கிய ஜெட்செட்கோ முக்கியமானது. காலி விமானங்களைக் குறைந்த விலைக்கு விற்க ‘ஜெட்ஸ்டீல்ஸ்’ என்று ஒரு சேவையையும் அது நடத்திப் பார்த்தது. வேறு சில நிறுவனங்களும் காலி விமானப் பட்டியலை இணையத்தில் போடுகின்றன.

இங்கே இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். சொந்தமாகவோ குத்தகைக்கோ விமானம் வைத்து, அனுமதி வாங்கி ஓட்டுபவர் ஆபரேட்டர். நடுவில் நின்று ஆள் பிடித்துக் கொடுப்பவர் புரோக்கர். ஆப் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக விமானம் அவர்களுடையது என்று அர்த்தமில்லை. புரோக்கரிடம் வாங்குவது தப்பில்லை. ஆனால் ‘ஓட்டப்போகும் ஆபரேட்டர் யார்’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வர வேண்டும்.

சீட் கணக்கில் விற்கலாமா என்றால், சட்டத்தில் இடம் இருக்கிறது. கால அட்டவணை இல்லாத சேவைக்கான அனுமதி வைத்திருக்கும் ஆபரேட்டர் தனித்தனி சீட்டாகவும் விற்கலாம், ஆனால் ‘தினமும் காலை 9 மணி’ என்று அட்டவணை வெளியிடக் கூடாது. அட்டவணை போட்டால் அது விமான நிறுவனமாகிவிடும், அதற்கு வேறு விதிகள். அதனால் சீட் விற்பனை அவ்வப்போது எட்டிப் பார்க்கும், ஆனால் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது.

வருடச் சந்தா கட்டினால் அடிக்கடி இலவசமாகப் பறக்கலாம் என்ற மாதிரியையும் உலகம் பார்த்துவிட்டது. அமெரிக்காவின் ஜெட்ஸ்மார்ட்டர் ஆப் அதில் பிரபலம். பல ஆயிரம் டாலர் கட்டிச் சேர்ந்த பிறகு சலுகைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கியதாகச் சொல்லி உறுப்பினர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2019-ல் அந்த நிறுவனத்தை விஸ்டா குழுமம் வாங்கியது. காலி விமானம் எப்போது, எங்கே வரும் என்று தெரியாத தொழிலில் ‘அன்லிமிடெட்’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

மலிவு ஆபத்தாகும் இடம்

2019 ஜனவரி 21. அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவுக்கு 28 வயது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி கிளப் அவரை அப்போதுதான் வாங்கியிருந்தது. பழைய கிளப் நண்பர்களிடம் விடைபெற்றுவிட்டு பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு இரவில் கிளம்பினார். ஏறியது ஒற்றை இன்ஜின் கொண்ட சின்ன பைப்பர் மாலிபு. ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே விமானம் காணாமல் போனது. அவரும் பைலட்டும் உயிரிழந்தனர்.

பிரிட்டன் விசாரணையில் வெளிவந்தது இது: விமானத்துக்குக் கட்டணப் பயணம் நடத்தும் அனுமதியே இல்லை. பைலட்டிடம் வணிக உரிமம் இல்லை, இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு வாயு கசிந்திருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவர், விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காக 2021 நவம்பரில் 18 மாத சிறைத் தண்டனை பெற்றார்.

இதை ‘கிரே சார்ட்டர்’ என்கிறார்கள். நம்மூர்ப் பார்வையில் சொன்னால், மஞ்சள் போர்டு இல்லாத சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது. சாலையில் வெள்ளை போர்டு கார் மாட்டினால் அபராதத்தோடு போகும். ஆகாயத்தில் அப்படி முடியாது. முறையான வாடகை ஆபரேட்டருக்குக் கடுமையான பராமரிப்பு விதி, பைலட் பயிற்சி, பணி நேர வரம்பு, தணிக்கை எல்லாம் உண்டு. செலவு கூடுவதற்கு அவைதான் காரணம். அந்தச் செலவை விட்டுவிட்டால் எந்த விமானமும் மலிவாகத்தான் இருக்கும். இன்னொன்று, அனுமதியில்லாத வாடகைப் பயணத்தில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கவும் வழி இருக்கிறது.

இந்தியச் சட்டமும் இதில் தெளிவு. தனியார் பயன்பாட்டுக்கு எனப் பதிவு செய்யப்பட்ட விமானத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. கட்டணம் வாங்க வேண்டுமானால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் என்.எஸ்.ஓ.பி. அனுமதி வேண்டும். இந்த அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள ஆபரேட்டர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ‘விடி’ என்று தொடங்கும் பதிவெண்ணைக் காட்டி, “இந்திய விமானம்தான் சார், கவலைப்படாதீங்க” என்று யாராவது சொன்னால் அது பாதி பதில்தான். தனியார் விமானமும் ‘விடி’தான், வாடகை விமானமும் ‘விடி’தான். அந்தக் குறிப்பிட்ட பதிவெண் ஆபரேட்டரின் அனுமதியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. ஆபரேட்டர் மனது வைத்தால் அந்த ஆவணத்தை நிமிடத்தில் அனுப்ப முடியும். தயங்கினால் பின்வாங்கிவிடுங்கள்.

அனுமதி இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த லியர்ஜெட் 45 வாடகை விமானம், கனமழையில் தரையிறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி நொறுங்கியது. உள்ளே இருந்த 8 பேரும் உயிர் தப்பினார்கள். ‘மழை அடிக்கிறது, இன்று வேண்டாம்’ என்று பைலட் சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். நாலரை லட்சம் கொடுத்தவருக்கு அதைச் சொல்வது எளிது இல்லை, தெரிந்ததுதான்.

அப்புறம் அந்த ₹15,000 ஆஃபர்

‘சென்னை – கோவா பிரைவேட் ஜெட், தலைக்கு ₹15,000, இன்று மட்டும்’ என்ற ரகத்தில் ஒரு விளம்பரம் வந்தால் மேலே போட்ட கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். ஆறு பேருக்கு ₹90,000. மணிக்கு லட்சக்கணக்கில் விழுங்கும் விமானத்துக்கு எரிபொருள் காசுக்கே அது கட்டுமா? ஏதோ ஒரு நாள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணத்தை ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், ஜிஎஸ்டி பில் கிடையாது என்றால், பதிவெண்ணைக் கேட்டால் ‘ஏர்போர்ட்டில் சொல்கிறோம்’ என்றால், அது ஜெட் வியாபாரமே இல்லை.

ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. நிறுவனம் உண்மையானது, சேவைதான் சரியில்லை, பணம் திரும்பவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். செஞ்சிக்காரருக்கு அது விழுப்புரம் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை ₹50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயே விசாரிக்கலாம். ஒப்பந்தம், பில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பது அந்த நாளில் உதவும்.

‘எப்படியும் பறக்கத்தானே போகுது?’

காலி ஜெட்டில் ஏறுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சில நிறுவனங்கள் பேசுகின்றன. எப்படியும் பறக்கப்போகும் விமானம், நீங்கள் ஏறினால் வீணாகாது என்பது வாதம். ஒரே ஒரு பயணத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது சரியாகக்கூட படும். ஆனால் காலிப் பயணத்தையும் விற்க முடியும் என்று ஆனதும் மொத்தத் தொழிலுக்கும் வருமானம் கூடுகிறது. முதல் பயணியிடம் விலையைக் குறைக்க முடிகிறது, அதனால் இன்னும் பல ஜெட்டுகள் கிளம்புகின்றன.

2024 நவம்பரில் ‘கம்யூனிகேஷன்ஸ் எர்த் அண்ட் என்விரான்மென்ட்’ இதழில் வந்த ஆய்வு, 2023-ல் தனி ஜெட்டுகள் சுமார் 1.56 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றின என்கிறது. 2019-லிருந்து 2023-க்குள் இந்த உமிழ்வு 46 சதவீதம் உயர்ந்திருக்கிறது. அந்தப் பறப்புகளில் கிட்டத்தட்ட பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம். இதைத் தள்ளுபடியில் ஒரு தடவை பறப்பவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ‘பசுமைப் பயணம்’ என்று ஸ்டோரி போடுவதும் பொருந்தாது.

அப்படியானால் யாருக்குத்தான் இது?

தேதி முக்கியமில்லை, ஊரும் கொஞ்சம் மாறலாம் என்று இருக்கும் ஐந்தாறு பேர் கொண்ட கும்பலுக்கு. ஒருவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு அவருடைய பிள்ளைகள் சேர்ந்து கொடுக்கும் பரிசாக இருக்கலாம். விலங்குகளைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மனமில்லாமல் நாயோடு ஊர் மாறுகிறவராகவும் இருக்கலாம். ரத்தானால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி பிரியாணி ஆர்டர் போடக்கூடியவர் எவரோ, அவருக்கு. முதல் மாதச் சம்பளத்தில் ஒரு போட்டோவுக்காக இஎம்ஐ போட்டு ஏறுகிறவருக்கு நிச்சயம் இல்லை.

நேரம் மிச்சமாகும் என்ற வாதமும் செஞ்சியிலிருந்து பார்த்தால் சற்றுத் தேய்ந்துதான் தெரிகிறது. தனி ஜெட்டின் பெரிய வசதி, விமான நிலையத்தில் வரிசையில் நிற்காமல் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன் போனால் போதும் என்பது. அடையாள அட்டையும் பாதுகாப்புச் சோதனையும் அங்கேயும் உண்டு, கூட்டம்தான் இருக்காது. அப்படி ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும். ஆனால் மீனம்பாக்கம் போய்ச்சேர சாலையில் ஆகிற மூன்று மணி நேரத்தை எந்த ஜெட்டும் குறைக்காது.

ராஜா தேசிங்கின் குதிரையைப் பற்றி இந்த ஊரில் கேட்டால் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். அது காற்றில் பறக்கும் என்பார்கள். அந்த மாதிரி பறக்க ஆசைப்படும் செஞ்சி இளைஞருக்கு இப்போதைக்குக் கைக்கெட்டும் விமானம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 20 அன்று புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் இண்டிகோ தொடங்கிய ஏடிஆர் சேவை. 78 சீட், இரண்டு புரொப்பல்லர், கொஞ்சம் சத்தம். டிக்கெட் தனி சீட்டுக்கு, நேரம் அட்டவணையில் போட்டிருக்கும். புதுச்சேரியில் இதற்கு முன் வந்த விமானச் சேவைகள் ஆள் குறைந்ததும் நின்றுபோனவை என்பதால், கிளம்புவதற்கு முன் இன்றைய அட்டவணையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.